ஜன்னல் கண்ணாடியில எண்ணெ வட்டம்

சூளகிரி ஸ்டாப்புல அவ ஏறினா எங்க கம்பெனி பஸ்ஸுல ஒருத்தர் பாக்கியில்லாம முதுகை நிமித்திக்குவோம். தூங்கிட்டு வர்றவங்களுக்குக்கூட எப்படியோ தெரிஞ்சிடும். அவ படியில கால் வைக்கறதுக்குள்ள டிரைவர் அண்ணன் ஒரு ஹாரன் அடிப்பாரு. இன்ஸ்பெக்ஷன் வருது, எல்லாரும் ஒழுங்கா ஒக்காருங்கன்னு அதுக்கு அர்த்தம். அவ முன் சீட்டுல போய் ஒக்காந்ததும் பழையபடி சாஞ்சு தூங்கிடுவோம்.

நாங்க அவளுக்கு வச்ச பேரு ஸ்கேலு. அசல் பேரை நான் இங்க எழுதப் போறதில்ல. எழுதினேன்னு தெரிஞ்சா கட்டிக்கிட்டுப் போன கனகபுராவுல இருந்து போன் போட்டு, "அது கெடக்கட்டும்க்கா, எழுதறப்ப எப்படி ஒக்காந்திருந்தீங்க?"ன்னுதான் முதல்ல கேப்பா. கட்டில் மேல சம்மணம் போட்டு, குனிஞ்சு, நோட்டை மடியில வச்சுத்தான் எழுதறேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்.

வண்டிகளுக்குள்ள ஓடுற ஒயர் கட்டு செய்யற கம்பெனி எங்களுது. ஒயரோட நுனியில சின்னதா ஒரு பித்தளை பின்னு இருக்கும். அதைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள நேரா சொருகணும். சொருகறது நான். பன்னெண்டு வருஷமா ஒரே டேபிள். எனக்கு ரெண்டு டேபிள் தள்ளி, வரிசைக் கடைசியில ஸ்கேலு. லென்ஸ் வழியா ஒவ்வொரு கூட்டையும் பாத்து, சரியா இருந்தா பச்சை ஸ்டிக்கர், பின்னு வளைஞ்சிருந்தா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவா. முடி அளவு சாஞ்சிருந்தாலும் அவ கண்ணுக்குத் தப்பாது.

அந்தக் கண்ணை சாயங்காலம் லென்ஸ் பக்கத்துலயே கழட்டி வச்சிட்டு வந்திருந்தா யாருக்கும் தொந்தரவில்ல. அவ அதை கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் கல்யாண வீட்டுக்கும் சேத்துத் தூக்கிட்டு வந்தா. எங்க பொண்ணோட சடங்குக்கு வந்தவ, பொண்ணைப் பாத்து "அழகா இருக்கா"ன்னு சொல்லாம, "ஸ்கூல் பையை ஒரே தோள்ல மாட்டறாளாக்கா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "அதான் வலது தோள் எறங்கிக் கெடக்குது. ரெண்டு தோள்லயும் மாட்டச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டுப் பந்திக்குப் போயிட்டா. என் நாத்தனார் என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, இன்னைக்கும் மறக்கல.

அவளுக்கு அப்போ இருபத்தாறு வயசு. நான் நாப்பதை எட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். போதாததுக்கு நான் கொஞ்சம் வாய்க்காரி. நாகரசம்பட்டியில எங்க தெருவுல கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. நேத்து வந்த ஒரு பொண்ணு என் முதுகைப் பத்திப் பேசினா எனக்கு எப்படி இருக்கும்? ஆனாலும் அவ மேல முழுசா கோவப்பட முடியாது. மூஞ்சியில அப்படி ஒரு அக்கறை இருக்கும்.

ஷாப்புக்குள்ள, அதான் வேலை நடக்கற ஹாலுக்குள்ள, போறதுக்கு முன்னாடி சொந்தச் செருப்பை வெளி ரேக்குல விட்டுட்டு கம்பெனி செருப்பு மாட்டணும். ஒரு நாள் மதியம் பாத்தா, அவ ரேக்கு முன்னாடி ஒக்காந்து ஒவ்வொரு செருப்பாத் திருப்பித் திருப்பிப் பாக்கறா. எதையோ தொலைச்சிட்டாளோன்னு கேட்டேன்.

"இது கேன்டீன் அண்ணியோடதுதானே? எடது குதிங்கால் மட்டும் தேஞ்சு போயிருக்குது. எடது கால்லயே மொத்த பாரத்தையும் போட்டு நிக்கறாங்க."

நான் நம்பல. கையோட கூட்டிட்டுப் போய்க் காட்டினா. அண்ணி சாம்பார் ஊத்திக்கிட்டு இருந்தாங்க. எடது இடுப்பு அந்தண்ட தள்ளி, வலது கால் சும்மா தரையில தொட்டுக்கிட்டு. எனக்கு சிரிப்பு அடக்க முடியல. அண்ணி கரண்டியை ஓங்கிட்டாங்க. ஸ்கேலு அசரல. வெளிய கெடந்த ஒரு செங்கல்லைக் கழுவிக் கொண்டாந்து அண்ணி காலடியில வச்சா. "கொஞ்ச நேரம் இந்தக் காலைத் தூக்கி வைங்க, கொஞ்ச நேரம் அந்தக் காலை. இடுப்பு தானா நடுவுக்கு வரும்." பதினஞ்சு நாள் கழிச்சு அண்ணி அவ தட்டுல மட்டும் ரெண்டாவது வடை வச்சப்பதான் இடுப்பு வலி கொறைஞ்ச விஷயம் எங்களுக்குத் தெரிஞ்சுது.

இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்டேன்னு கேட்டா, "பாத்தேன்"னு ஒரு வார்த்தையில முடிச்சிடுவா. அவளோட சொந்த அண்ணி வண்டியில இருந்து விழுந்து, ஓசூர்ல பிசியோதெரபிக்கு மூணு மாசம் கூட்டிட்டுப் போயிருக்கா. அண்ணிக்கு உள்ள வைத்தியம் நடக்கறப்ப இவ வெளிய ஒக்காந்து வர்றவங்க போறவங்க நடையைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா. டாக்டர் சொன்னதையெல்லாம் காதுல வாங்கிக்கிட்டா. மத்தவங்களா இருந்தா போன் பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்க.

அவ சொல்றதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டவங்களும் உண்டு. கேட்டுல நிக்கற செக்யூரிட்டி அண்ணனைக் கூன் போடாதீங்கன்னு சொல்லிட்டா. அவரு மறுநாள்ல இருந்து நெஞ்சைத் தூக்கி, முட்டியை இறுக்கி, பரேடுல நிக்கற மாதிரி நின்னாரு. மூணாம் நாள் ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சவரு நிமிர முடியாம "அம்மாடி"ன்னு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு அங்கயே நின்னுட்டாரு.

"நிமிந்து நில்லுங்கன்னேன், வெறைச்சுக்கிட்டு நில்லுங்கன்னு சொன்னேனாண்ணா?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. "காது தோளுக்கு நேர் மேல. தோள் இடுப்புக்கு நேர் மேல. முட்டியை லேசா விடுங்க. அவ்ளோதான். அதையும் சிலையாட்டம் பிடிச்சு வைக்காதீங்க. அரை மணிக்கு ஒரு தடவை நிலையை மாத்துங்க."

கோவம் வந்தா கன்னடத்துக்குப் போயிடுவா. அஞ்செட்டி மலைப் பக்கம் நாட்றாம்பாளையத்துக்காரி, வேலைக்காக சூளகிரியில அண்ணன் வூட்டுல தங்கியிருந்தா. அவங்க வூட்டுல ரெண்டு பாஷையும் புழங்கும். பஸ்ஸுல ஏறி, போன்ல மூஞ்சியைப் பொதைச்சுக்கிட்டு இருக்கறவங்களைப் பாத்தா "நெட்டகே கூத்கோளி!"ன்னு ஒரு அதட்டு. நிமிந்து ஒக்காருங்கன்னு அர்த்தம். கன்னடம் தெரியாதவங்களுக்கும் அவ கைய ஆட்டற தோரணையிலயே புரிஞ்சிடும்.

அவ கிட்ட நான் மாட்டினது அந்த வருஷ மழைக்காலத்துல. வலது கையில கட்டை விரலும் பக்கத்து விரலும் எறும்பு ஊர்ற மாதிரி ஆக ஆரம்பிச்சுது. முதல்ல கண்டுக்கல. அப்புறம் சொருகற பின்னு விரல்ல நிக்காம நழுவுச்சு. நழுவற பின்னை அவசரமாத் தள்ளினா வளையுது. வளைஞ்சா சிவப்பு ஸ்டிக்கர். பன்னெண்டு வருஷத்துல நான் பாக்காத சிவப்பை அந்த ஒரே மாசத்துல பாத்தேன்.

லைன் இன்சார்ஜ் சார் நல்ல மனுஷன். சேரை ஏத்திப் பாத்தாரு, டேபிளை எறக்கிப் பாத்தாரு. ஒண்ணும் சரியாகல. கடைசியில ஒரு நாள் கூப்பிட்டு, "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேம்மா. அம்பது பீசு இருக்கற ட்ரேயில ரெண்டு சிவப்புக்கு மேல வந்தா உங்களை பேக்கிங்குக்குத்தான் அனுப்பணும். என் கையில வேற ஒண்ணும் இல்ல"ன்னாரு.

பேக்கிங்னா நாள் பூரா பெட்டி தூக்கணும். பின்னு நிக்காத கையில பெட்டி எங்க நிக்கும்? அதுக்கு வூட்டுக்குப் போன்னு சொல்றதும் ஒண்ணுதான். ஒயரோட நிறத்தைக் கண் பாக்கறதுக்கு முன்னாடி என் விரல் எடுத்திருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை அதுதான். அந்த டேபிள்ல வேற யாரோ ஒக்காந்திருக்கறதை என்னால நெனச்சுப் பாக்கவே முடியல.

வெக்கத்தை விட்டு ஸ்கேலு கிட்டப் போனேன். "பாப்பா, ஒண்ணு ரெண்டைக் கண்டுக்காம விடேன்."

அவ மூஞ்சி சுண்டிப் போச்சு. "அக்கா, அது யாரோ ஓட்டற வண்டிக்குள்ள போவுது. நடுரோட்டுல கழண்டுக்கிட்டா? என்னால முடியாதுக்கா. நீங்க முதல்ல டாக்டர் கிட்டக் காட்டுங்க."

"பெரிய நியாயஸ்தி வந்துட்டா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நாலு நாள் அவ மூஞ்சியையே பாக்கல. ஆனா டாக்டர் கிட்ட மட்டும் போனேன். கழுத்துல நரம்பு அழுந்துது, கழுத்தை ஒரே பக்கமா சாய்க்காதீங்கன்னு மாத்திரையும் ரெண்டு பயிற்சியும் குடுத்தாரு. நான் எங்க சாய்க்கறேன்? எனக்கே தெரியல.

அஞ்சாம் நாள் மதியம் ஸ்கேலு சோத்து டப்பாவைத் தூக்கிட்டு வந்து என் டேபிள் எதிர்ல நின்னுக்கிட்டே சாப்பிட்டா. என்னையே பாத்துக்கிட்டு. "என்னடி வேடிக்கை?"ன்னேன்.

"டேபிள்ல நீங்க ஓகேதான்க்கா. நேராத்தான் இருக்கீங்க. வேற எங்கயோ வளையறீங்க."

அதுக்கப்புறம் தொணதொணன்னு ஒரே கேள்வி. தலகாணி எவ்ளோ ஒசரம்? போனை எந்தக் காதுல வைப்பீங்க? கொடத்தை எந்த இடுப்புல தூக்குவீங்க? எனக்கு எரிச்சல்ல ரெண்டு வார்த்தை வந்துடுச்சு. அவ தொடச்சுப் போட்டுட்டு அடுத்த கேள்வி கேட்டா.

அன்னைக்கு சாயங்காலம் வூட்டுக்குக் கெளம்ப பஸ்ஸுல ஏறினோம். வெயில் சாஞ்சு ஜன்னல் வழியா உள்ள அடிச்சுது. எனக்கு முன்னாடி ஏறினவ அப்படியே நின்னுட்டா.

"அக்கா, இங்க வாங்க. இதைப் பாருங்க."

என் சீட்டு டிரைவர் பக்க வரிசையில மூணாவது ஜன்னல். அந்தக் கண்ணாடியில ஒரு வட்டம். தோசை ஊத்தின மாதிரி, தேங்கா எண்ணெ. நடுவுல ரெண்டு முடி வேற ஒட்டிக்கிட்டு. வெயில்ல பளபளன்னு தெரிஞ்சுது. திரும்பிப் பாத்தா ஒவ்வொரு ஜன்னல்லயும் ஒரு வட்டம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஒசரத்துல. எல்லாத்தை விட தாழ இருந்தது என்னோடது.

"காலையில ஒண்ணேகால் மணி நேரம், சாயங்காலம் ஒண்ணேகால் மணி நேரம். வலது காதைத் தோள்ல ஒட்ட வச்சுத் தூங்கறீங்க. எத்தனை வருஷமா?"

"ஒம்போது"ன்னேன்.

"நீங்க டேபிள்ல வேலை செஞ்சு கெட்டுப் போகலக்கா. இங்க தூங்கிக் கெட்டுப் போயிருக்கீங்க."

நம்ப மாட்டேன்னு தெரிஞ்சு மறுநாள் காலையில நான் தூங்கறதைப் போன்ல படம் புடிச்சுக் காட்டினா. வாய் தொறந்து, கன்னம் கண்ணாடியில நசுங்கி, கழுத்து ஒடிஞ்ச மாதிரி. அடக் கடவுளே, இப்படியா ஒம்போது வருஷமா ஊர் ஊராப் போயிட்டு வந்திருக்கேன்!

சரி, இனிமே சாய மாட்டேன்னு சொன்னேன். ரெண்டு நாள் முயற்சி பண்ணேன். கண்ணு மூடினதும் தலை தானா கண்ணாடிக்குப் போயிடுது. சீட்டை மாத்தினாத்தான் முடியும்னு அவ சொன்னப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

எங்க பஸ்ஸுல சீட்டுன்னா சாதாரண விஷயமில்ல. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு ஆளு. வேலையை விட்டுப் போறவங்க என் சீட்டு இன்னாருக்குன்னு சொல்லிட்டுத்தான் எறங்குவாங்க. எனக்கு அந்த ஜன்னல் வந்ததும் அப்படித்தான். அதுக்காக மூணு வருஷம் நடுச் சீட்டுல காத்திருந்தேன். குந்தாரப்பள்ளியில ஏறின ஒரு புதுப் பொண்ணு தெரியாம அதுல ஒக்காந்துட்டு என் வாயைக் கேட்டு அழுதே போச்சு.

திங்கக்கிழமை காலையில ஸ்கேலு பஸ் நடுவுல நின்னு பேசினா. எல்லாருக்கும் ஜன்னல்ல எண்ணெ வட்டம் இருக்குது, எல்லாருக்கும் ஒரு பக்கம் கழுத்து இழுக்குது. வாரத்துக்கு ஒரு தடவை ஆளுக்கு ஒரு எடம் நகந்து ஒக்காரலாம், ஒரு வாரம் இந்தப் பக்கம், ஒரு வாரம் அந்தப் பக்கம்.

அவ்ளோதான். பஸ்ஸே எந்திரிச்சு ஆடுச்சு. "எனக்கு வாந்தி வரும், ஜன்னலை விட மாட்டேன்"னு ஒருத்தி. "என் சாப்பாட்டுப் பை மாட்டற கொக்கி இங்கதான் இருக்குது"ன்னு ஒருத்தரு. "அப்படியே என் சீட்டையும் ஒரு வாரம் எடுத்துக்கங்க, நான் பின்னாடி தூங்கறேன்"னு டிரைவர் அண்ணன் கத்துனாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவ மட்டும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஒருத்தரும் அசையல. நானும்தான் ஒக்காந்திருந்தேன். ஜன்னலைப் பாத்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

மாசக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள். சனிக்கிழமை ட்ரேயில ஆறு சிவப்பு. விரலை மடக்கிப் பாத்தேன், எறும்பு ஊர்ந்துச்சு.

எந்திரிச்சேன். பையை எடுத்துக்கிட்டு எதிர் வரிசையில நடைபாதை ஓரம் போய் ஒக்காந்தேன். "அந்தம்மாவே எந்திரிச்சிடுச்சே"ன்னு பின்னாடி யாரோ முணுமுணுத்தாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா, திட்டிக்கிட்டே, பையைத் தூக்கிக்கிட்டு நகந்தாங்க. வாந்திக்காரிக்கு மட்டும் ஜன்னல் நிரந்தரம்னு முடிவாச்சு.

முதல் ரெண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்ல. ஸ்கேலு ஒரு துண்டைச் சுருட்டி என் கழுத்தைச் சுத்திப் போட்டு விட்டா, தலை எந்தப் பக்கமும் சாயாம. அதோட டாக்டர் சொன்ன பயிற்சியை எல்லாருக்கும் பரப்பிட்டா. நேராப் பாத்துக்கிட்டே தாடையைப் பின்னுக்குத் தள்ளணும், கழுத்துல ரெண்டு தாடை தெரியற வரைக்கும். ஓசூர் சிக்னல்ல பஸ் நின்னப்ப நாப்பது பேரும் ஒண்ணா தாடையை உள்ளுக்கு இழுத்துக்கிட்டு இருந்தோம். பக்கத்துல பைக்ல நின்ன ஆளு எங்களைப் பாத்துட்டுப் பச்சை விழுந்தும் கெளம்பல.

எறும்பு ஒரே நாள்ல போயிடல. பத்து நாள்ல கட்டை விரல் தெளிஞ்சுது, அடுத்த விரல் பாதிதான். ட்ரேயில சிவப்பு ஆறுல இருந்து நாலாச்சு, நாலுல இருந்து மூணாச்சு. மூணுலயே நின்னுடுச்சு. மூணுன்னா பேக்கிங்.

மாசக் கடைசி நாள் சார் என் ட்ரேயை அவரே எடுத்துக்கிட்டுப் போய் ஸ்கேலு முன்னாடி வச்சுட்டுப் பக்கத்துலயே நின்னாரு. நான் இன்னொரு பக்கம் நின்னேன். கை ரெண்டையும் பின்னாடி கட்டிக்கிட்டேன். பச்சை, பச்சை, பச்சை. பதினொண்ணாவது சிவப்பு. மறுபடி பச்சை. முப்பத்து ரெண்டாவது சிவப்பு. மாதாவே, மாதாவேன்னு மனசுக்குள்ள ஓடுது.

நாப்பத்தஞ்சாவதை எடுத்தவ கீழ வைக்கல. இப்படித் திருப்பறா, அப்படித் திருப்பறா. லென்ஸுக்கு இன்னும் கிட்டப் போறா. கூட்டைப் பாக்க எனக்குத் தெம்பில்லாம அவளையே பாத்தேன். அப்பதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. காது தோளுக்கு ஒரு சாண் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குது. முதுகு மேல வளைஞ்சு எலும்பு துருத்துது. எடது கை தானாப் போய்ப் பின்கழுத்தை அமுக்குது, எறங்குது, மறுபடி போய் அமுக்குது. தெனம் எட்டு மணி நேரம் இப்படித்தான் ஒக்காந்திருக்கா. பஸ்ஸுல ஒருத்தர் முதுகு விடாம பாத்தவளோட முதுகை நாங்க ஒருத்தரும் பாக்கல.

பச்சை ஸ்டிக்கர் ஒட்டினா. மீதி அஞ்சும் பச்சை.

"ரெண்டு தான் சார்"ன்னா. சார் என்னைப் பாத்து, "சரிம்மா, போய் உங்க டேபிள்ல ஒக்காருங்க"ன்னாரு.

நான் கும்பிட்டிருக்கணும். அழுதிருக்கணும். என் வாயில வந்தது வேற. "சார், அந்த லென்ஸை ஒரு சாண் ஒசத்தி வைக்கணும் சார். இந்தப் பொண்ணு கழுத்தைப் பாருங்க."

"எனக்கு ஒண்ணுமில்லக்கா"ன்னு படக்குனு சொன்னா.

"பின்ன எதுக்குடி கழுத்தை அமுக்கிக்கிட்டே இருக்கே?"

அவ ஸ்டிக்கர் சுருளை எடுத்து வச்சா, மறுபடி எடுத்தா. கண்ணு ரெண்டும் நெறைஞ்சிடுச்சு. "ரெண்டு வருஷமா வலிக்குது சார். சொன்னா லென்ஸ்ல இருந்து தூக்கிடுவீங்கன்னு சொல்லல."

சார் லென்ஸையும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் "உன்னை யாரும்மா தூக்கறது?"ன்னு சொல்லிட்டு அவரே போய்க் காலிப் பெட்டி ரெண்டு கொண்டாந்தாரு. நான் லென்ஸைப் பிடிச்சுக்கிட்டேன், அவரு அடியில பெட்டியைத் தள்ளினாரு. ஸ்கேலு மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு வந்து ஒக்காந்து கண்ணை வச்சா. குனிய வேண்டி வரல. முதுகு மெதுவா மேல வந்துச்சு, தோள் பின்னால போச்சு, தலை அது மேல போய் ஒக்காந்துச்சு.

அவ அவ்ளோ ஒசரம்னு அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.